உப்புத் தண்ணீரில் பருப்பு ஏன் வேகவில்லை?

கேள்வி: எங்கள் வீட்டு போர் தண்ணீரில் துவரம்பருப்பு எவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தாலும் மலர வேகாது. மழைக்காலத்தில் மாடியில் பிடித்து வைத்த தண்ணீரில் அதே பருப்பு சீக்கிரம் குழைந்துவிடுகிறது. குளிக்கிற சோப்பும் போர் தண்ணீரில் நுரைக்காது. ‘உப்புத் தண்ணி, அப்படித்தான் இருக்கும்’ என்கிறார் என் மாமியார். ஆனால் குடித்துப் பார்த்தால் உப்புக் கரிக்கவில்லையே! போன வாரம் ஆர்.ஓ. கருவி விற்க வந்தவர் தண்ணீரில் கம்பிகளை விட்டுக் காட்டினார். எங்கள் தண்ணீர் துருநிறமாகிவிட்டது. அவர் கொண்டுவந்தது தெளிவாகவே இருந்தது. இதையா இத்தனை நாள் குடித்தோம் என்று பயமாக இருக்கிறது. தண்ணீரில் இந்த உப்பு என்னதான் செய்கிறது?

– ஒரு வாசகி, வாலிகண்டபுரம், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: ஊரே உப்புத் தண்ணீர் என்று சொல்லும்போது, ‘கரிக்கவில்லையே’ என்று நாக்கை நம்பிக் கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகவே உங்களுக்கு விரிவாகப் பதில் எழுத வேண்டும். உங்கள் சந்தேகம் சரியானது. கம்பி விஷயத்தைப் பிறகு பார்க்கலாம். அந்தத் துருநிறத்துக்காக இன்று இரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உப்பு போட்டால் பருப்பு வேகாது என்பது நம் சமையலறைகளில் நன்றாக வேரூன்றிய நம்பிக்கை. சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரே டப்பாவிலிருந்து நான்கு கைப்பிடி பருப்பு எடுத்து, நான்கு சிறு பாத்திரங்களில் போடுங்கள். முதலாவதில் மழைத்தண்ணீர். இரண்டாவதில் மழைத்தண்ணீரோடு அரை டீஸ்பூன் கல்லுப்பு. மூன்றாவதில் போர் தண்ணீர். நான்காவதில் போர் தண்ணீரோடு ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா. குக்கர் வேண்டாம், அதன் சூட்டில் வித்தியாசம் மறைந்துவிடும். சிறு தீயில் வைத்து, 10 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு பருப்பை எடுத்து விரலிடுக்கில் நசுக்கிப் பாருங்கள். உப்பு போட்ட மழைத்தண்ணீர்ப் பருப்பு, உப்பு போடாததற்குப் பின்தங்காது. போர் தண்ணீர்ப் பருப்போ விளிம்பு கலையாமல் முழுசாகக் கிடக்கும். நசுக்கினால் நடுவில் ஒரு விறைப்பு தட்டுப்படும். சோடா போட்டது அதற்குள் மஞ்சளாகக் கரைய ஆரம்பித்திருக்கும்.

சோற்றுப்பின்மேல் நாம் சுமத்திய பழி இந்தச் சோதனையில் விழுந்துவிடுகிறது. இன்னும் சொல்லப்போனால், கொண்டைக்கடலை, மொச்சை போன்றவற்றை உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சீக்கிரமே வேகும். அப்படியானால் உங்கள் போர் தண்ணீரில் இருப்பது என்ன?

இதற்கு ‘அயனி’ என்ற ஒரு சொல் தேவைப்படுகிறது. அணு ஒன்று தன் எலக்ட்ரானை இழந்தாலோ, பிறிதொன்றின் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டாலோ, அதற்கு மின்னூட்டம் வந்துவிடும். அப்படி மின்னூட்டம் ஏறிய அணு அல்லது அணுக்கூட்டம்தான் அயனி. சோற்றுப்பைத் தண்ணீரில் போட்டதும் அது பொடிப்பொடி உப்பாக மிதப்பதில்லை. நேர்மின்னூட்டம் உள்ள சோடியம் அயனி தனி, எதிர்மின்னூட்டம் உள்ள குளோரைடு அயனி தனி என்று பிரிந்துவிடுகிறது. பிரிந்தபின் ஒவ்வொன்றும் தன் போக்கில் வேலை பார்க்கும். உங்கள் குடத்தில் ‘உப்பு’ என்று ஒரு பொருளே இல்லை. பல வகை அயனிகள்தான் கலந்து திரிகின்றன.

இது நம்மை மட்டும் குழப்பிய விஷயமல்ல. ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாண்டே அர்ரீனியஸ் என்ற இளைஞர் 1884-இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேட்டிலிருந்து வளர்ந்த கருத்து இது. தேர்வாளர்களுக்கு அந்த ஆய்வேடு பிடிக்கவில்லை. குறைந்த தரம்தான் கொடுத்தார்கள். கரைசலில் அயனிகள் தனித்தனியாகத் திரிகின்றன என்று அவர் விளக்கியபோது பலர் கேட்ட கேள்வியும் நியாயமானதுதான்: சோடியம் உலோகம் தண்ணீர் பட்டால் தீப்பற்றுகிறது, குளோரின் நச்சுவாயு, இவை இரண்டும் உப்புத் தண்ணீரில் தனித்தனியாக இருந்தால் நாம் எப்படி உயிரோடு இருக்கிறோம்? அணு வேறு, அயனி வேறு என்பதே விடை. ஒரே ஒரு எலக்ட்ரான் போய்விட்டதால் சோடியத்தின் குணமே மாறிவிடுகிறது. அதே அர்ரீனியஸுக்கு 1903-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி உங்கள் பருப்புக்கு வரலாம். பருப்பில் செல்லையும் செல்லையும் ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பசை. பருப்பு வேகிறது என்றால் இந்தப் பசை இளகிச் செல்கள் பிரிகின்றன என்று பொருள். உங்கள் போர் தண்ணீரில் மிகுந்திருப்பவை கால்சியம் அயனியும் மக்னீசியம் அயனியும். இவை இழந்தவை இரண்டிரண்டு எலக்ட்ரான்கள். அதனால் கால்சியத்துக்கு இரண்டு கை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கையால் ஒரு பெக்டின் இழையையும் மறு கையால் அடுத்த இழையையும் பிடித்துக்கொள்ளும். சோடியத்துக்கு ஒற்றைக் கை, இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடிக்க வராது. கால்சியம் ஏற ஏறப் பசை இறுகுகிறது, பருப்பு விறைக்கிறது. உப்பில் ஊறிய கொண்டைக்கடலை இளகுவதும் இதனால்தான். சோடியம் கூட்டமாக வந்து கால்சியத்தின் இடத்தைப் பறித்துக்கொள்கிறது. ஆப்பச்சோடாவில் சோடியமும் உண்டு, பசையைக் கரைக்கும் காரமும் உண்டு. ஆனால் அதை வழக்கமாக்க வேண்டாம், தயமின் என்ற பி1 வைட்டமினைக் காரம் அழித்துவிடும்.

சாம்பாருக்குப் பருப்பு வெந்த பிறகு புளி கரைத்து ஊற்றும் பழக்கத்துக்கும் இந்தப் பசையே காரணம். புளிப்பில் பெக்டின் கரைய மறுக்கும். பழைய பருப்பு மழைத்தண்ணீரிலும் சண்டித்தனம் செய்கிறதா? வெக்கையிலும் ஈரத்திலும் பல மாதம் கிடந்த பருப்புக்குள், கால்சியத்தைப் பூட்டி வைத்திருந்த பைட்டிக் அமிலம் சிதைந்து, உள்ளிருக்கும் கால்சியமே பசையை இறுக்கிவிடுகிறது. அந்தப் பழி தண்ணீருக்கு வேண்டாம், மளிகைக் கடையில் கேளுங்கள்.

சோப்பின் கதையும் ஏறக்குறைய இதுவே. சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தோடு சோடியம் சேர்ந்த உப்பு. கால்சியம் அயனி வந்து சோடியத்தை விலக்கிவிட்டு அமிலத்தைப் பிடித்துக்கொண்டால், கரையாத வெள்ளைக் கசடு உண்டாகிறது. உங்கள் வாளியின் விளிம்பில், சுரண்டினால் மெழுகாக வருமே, அதுதான். தண்ணீரில் இருக்கும் கால்சியம் முழுவதும் இப்படிக் கசடாகித் தீர்ந்த பிறகுதான் நுரை கிளம்பும். அதுவரை தேய்த்த சோப்பெல்லாம் வீண். சலவைத்தூளில் சலவைச் சோடாவைச் சேர்ப்பது கால்சியத்தை முன்கூட்டியே பிடித்து வைக்க. சோப்பு ஊருக்குள் வருவதற்கு முன்னால் துணிக்கு உவர்மண் போட்டார்களே, அதிலும் இந்தச் சோடாதான் இருந்தது. சீயக்காயின் நுரை வேறு வகை, இந்த வம்பில் அவ்வளவாகச் சிக்காது. தலைக்குச் சீயக்காய் தேய்க்கிற நாளில் போர் தண்ணீர் உங்களைப் பாடாய்ப் படுத்தாததைக் கவனித்திருப்பீர்கள்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் நிறைய, சிமென்ட் ஆலைகள் நிறைய, அங்கிருந்துதான் நம் தண்ணீருக்குக் கால்சியம் வருகிறது என்று யாராவது சொல்லியிருக்கலாம். கேட்கப் பொருத்தமாக இருந்தாலும் உங்கள் ஊருக்குப் பொருந்தாது. வாலிகண்டபுரத்துக்கு அடியில் இருப்பது பழைய கடும்பாறை, ரஞ்சன்குடிக் கோட்டை உட்கார்ந்திருக்கும் பாறையின் இனம். சுண்ணாம்புக்கல் படிவங்கள் உங்களுக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும்தான் தொடங்குகின்றன. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிரிகளும் மூச்சுவிட்ட கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையில் இருக்கும் ஃபெல்ஸ்பார் என்ற வெளிறிய கனிமத்தை அரித்து, கால்சியம் அயனியையும் பைகார்பனேட் அயனியையும் எடுத்துக்கொள்கிறது. பைகார்பனேட் என்பது அந்தக் கரியமில வாயுவே அயனியாக மாறிய வடிவம். பாறை இடுக்குகளில் தண்ணீர் தங்கும் காலம் நீள நீள அயனி ஏறிக்கொண்டே போகும். கிணற்றுத் தண்ணீரைவிட ஆழமான போர் தண்ணீர் கடினமாக, அதாவது கால்சியமும் மக்னீசியமும் மிகுந்து இருப்பது பெரும்பாலும் அதனால்தான்.

உங்கள் பக்கத்துக் கரிசல் காட்டில் கிணறு வெட்டினால் கருப்பு மண்ணுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் உருண்டைகள் வரும். ஒன்றை எடுத்துக் கழுவி, அதன்மேல் எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழியுங்கள். நுணுக்கமாகக் குமிழி விட்டுப் பொங்கும். பாறையிலிருந்து கரைந்து வந்த கால்சியம், மேல்மண் காயும்போது மறுபடி கல்லாகிக் கிடக்கிறது. குமிழியில் வெளியேறுவது, மழைநீர் மண்ணுக்குள் எடுத்துப் போன அந்தக் கரியமில வாயு.

மண்ணில் தங்காத அயனிகள் ஆற்றோடு போய்க் கடலில் சேரும். கடலில் சிப்பியும் நத்தையும் பவளமும் அந்தக் கால்சியத்தை எடுத்து ஓடு கட்டிக்கொள்ளும். கிரெட்டேசியஸ் காலத்தில், டைனோசர்கள் வாழ்ந்த அந்த யுகத்தில், இன்றைய அரியலூர்ப் பகுதி கடலாக இருந்தது. அங்கே சேர்ந்த ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும்தான் இன்று சிமென்ட் ஆலைக்காக வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல். சுரங்கங்களில் ஓடுகள் உருக் குலையாமல் அப்படியே கிடைக்கின்றன. அந்தக் கடற்கரைக்கு அடித்துவரப்பட்ட மரம் ஒன்று சாத்தனூரில் கல்லாகக் கிடக்கிறது. புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை உலகுக்கு அறிவித்தார். கட்டாயம் ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கடினத்தன்மை போகுமா? பாதி போகும். கொதிக்கும்போது பைகார்பனேட் உடைந்து கரியமில வாயு வெளியேற, கால்சியம் கார்பனேட்டாகப் பாத்திரத்தின் அடியில் படிந்துவிடும். வெந்நீர்ப் பானையின் உட்புறத்தில் வெள்ளை வெள்ளையாக ஏறியிருப்பது அதுவே. ஆனால் சல்பேட் அயனியோடு வந்த கால்சியம் கொதிப்புக்கு மசியாது. காரைக்கு அருகே மழை அரித்த களிமண் பள்ளங்களில் தகடு தகடாக ஜிப்சம் மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது கால்சியம் சல்பேட். அந்த மண்ணைத் தொட்டு வரும் தண்ணீரை எத்தனை முறை கொதிக்க வைத்தாலும் கடினம் கடினம்தான். எனக்கு ஆச்சரியம் தீராத இன்னொரு வழி, சுண்ணாம்பு. அபர்டீன் பேராசிரியர் தாமஸ் கிளார்க் 1841-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நீற்றின சுண்ணாம்பும் கால்சியம்தான். ஆனாலும் அதை அளவாகச் சேர்த்தால் அதிலுள்ள காரம் பைகார்பனேட்டைக் கார்பனேட்டாக்கி, போட்ட கால்சியத்தையும் ஏற்கெனவே இருந்த கால்சியத்தையும் ஒருசேர அடியில் தள்ளிவிடும். அளவு தவறினால் தண்ணீர் காரமாகிவிடும். ஆகையால் வீட்டில் குடிநீரில் முயல வேண்டாம்.

இவ்வளவு படித்தபின் கால்சியம் என்றாலே விரோதி என்று தோன்றினால், லண்டனில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 1880-களின் தொடக்கத்தில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், உடலிலிருந்து எடுத்த தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். இதயம் நன்றாகத் துடித்தது. அந்த முடிவுகளை வெளியிட்டார். பிறகுதான், உதவியாளர் கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்காமல் குழாய்த் தண்ணீரில் கலந்திருந்தது தெரிந்தது. வடித்த நீரில் கலந்து பார்த்தபோது துடிப்பு தளர்ந்து நின்றுபோனது. லண்டன் குழாய்த் தண்ணீர் கடினத் தண்ணீர், கால்சியம் உள்ள தண்ணீர். 1883-இல் ரிங்கர் அதைத் திருத்தி வெளியிட்டார்: இதயத் தசை சுருங்கக் கால்சியம் அயனி வேண்டும், சீராகத் துடிக்கப் பொட்டாசியமும் வேண்டும். இன்று அரசு மருத்துவமனையில் ஏற்றுகிற ‘ஆர்.எல்.’ பாட்டில் ரிங்கர் லாக்டேட் என்பதன் சுருக்கம். அதன் மேலொட்டிய தாளைப் படித்துப் பாருங்கள், சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றும் இருக்கும்.

வயலிலும் கால்சியம் நல்லவர் பக்கம். களிமண்ணின் மெல்லிய தகடுகளில் எதிர்மின்னூட்டம் உண்டு. அவை நேர்மின் அயனிகளைப் பிடித்து வைத்து, வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். பாசனத் தண்ணீரில் சோடியம் மிகுந்து கால்சியத்தை அந்தத் தகடுகளிலிருந்து விரட்டிவிட்டால் மண் கட்டுக் குலைந்து, மழை பெய்தால் குழைந்து, வெயிலில் இறுகிக் களர் நிலமாகிவிடும். அதற்கு மருந்து ஜிப்சம். அதன் கால்சியம் திரும்பி வந்து சோடியத்தைத் தள்ளிவிட, தண்ணீர் விட்டு வடித்தால் சோடியம் கழுவப்பட்டுப் போய்விடும். நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஜிப்சம் போடுவது இன்னொரு காரணத்துக்காக: கடலைக் காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராகவே உறிஞ்சுகிறது. பருப்புப் பானையில் சோடியம் உதவி, வயலில் அதுவே உபத்திரவம். ‘தண்ணீரில் உப்பு இருக்கிறதா’ என்று கேட்டால் பதில் பாதிதான் கிடைக்கும். எந்த அயனி, எவ்வளவு, எதற்கு என்று கேட்க வேண்டும்.

உங்களைப் பயமுறுத்திய கம்பிகளைப் பார்ப்போம். அந்தக் கருவியில் இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும் இருக்கும், மின்சாரம் பாயும். தண்ணீரில் அயனிகள் இருந்தால்தான் மின்சாரம் கடக்க முடியும். உங்கள் தண்ணீரில் இருந்தன, கடந்தது. அப்போது அந்த இரும்புக் கம்பியே இரும்பு அயனியாகக் கரைந்து, துருவாகத் திரண்டது. நீங்கள் பார்த்த அழுக்கு கம்பியிலிருந்து வந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் அயனிகள் மிகக் குறைவு, மின்சாரம் ஓடவில்லை, கம்பி கரையவில்லை, தண்ணீர் தெளிவாக நின்றது. அடுத்த முறை யாராவது வந்தால், அவருடைய தெளிந்த தண்ணீரில் கொஞ்சம் சோற்றுப்பைப் போட்டு மறுபடி கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் துருநிறமாகும். கருவியை நீங்கள் தொட வேண்டாம், அதில் வீட்டு மின்சாரம் ஓடுகிறது.

கையடக்கமான டி.டி.எஸ். மீட்டரும் மின்சாரம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதை வைத்தே எண் காட்டுகிறது. மொத்த அயனி எவ்வளவு என்று அது உத்தேசமாகச் சொல்லும், எந்த அயனி என்று சொல்லாது. 500 என்று காட்டும் இரண்டு தண்ணீரில் ஒன்று வெறும் கால்சியமும் பைகார்பனேட்டுமாக இருக்கலாம், மற்றதில் ஃபுளோரைடோ நைட்ரேட்டோ வரம்பு மீறியிருக்கலாம். மீட்டருக்கு இரண்டும் ஒன்றே.

கடினத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகக் கல் வரும் என்ற பயமும் உங்களுக்கு இருக்கக்கூடும். பெரும்பாலான கற்களில் கால்சியம் ஆக்சலேட் இருப்பது உண்மை. ஆனால் கல்லுக்கான பெரிய காரணங்களில் ஒன்று, வெயிலில் வேலை செய்துவிட்டுத் தண்ணீர் போதுமான அளவு குடிக்காமல் விடுவது. உணவோடு சேரும் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடுகிறது. ஏற்கெனவே கல் வந்தவர்கள் தங்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்கட்டும். மற்றவர்கள் தண்ணீர் கடினம் என்று பயந்து குறைவாகக் குடிப்பதுதான் ஆபத்து.

உங்கள் தண்ணீரைப் பற்றி உறுதியாகத் தெரிய ஒரே வழி, பரிசோதனை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கலாம். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசி, முழுக்க நிரப்பி, இறுக மூடி அன்றே கொண்டுபோங்கள். அறிக்கை வந்ததும் இந்திய தர நிர்ணய அமைப்பின் குடிநீர் வரம்புகளோடு ஒப்பிடுங்கள். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் மொத்தக் கடினத்தன்மை 200 வரை நல்லது, வேறு தண்ணீர் இல்லாதபோது 600 வரை ஏற்கலாம். ஃபுளோரைடு 1 வரை நல்லது, 1.5-ஐத் தாண்டக் கூடாது. நைட்ரேட்டுக்கு 45 தான் எல்லை.

என்னைக் கேட்டால், கடினத்தன்மைக்கு முன்னால் நைட்ரேட் வரியைத்தான் பார்ப்பேன். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் இடும் யூரியா மண்ணில் முதலில் அம்மோனியம் அயனியாகிறது. அது நேர்மின் என்பதால் களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு நுண்ணுயிரிகள் அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் எதிர்மின், களிமண்ணும் எதிர்மின். பிடிக்க ஆளில்லாமல் மழையோடு நிலத்தடிக்கு இறங்கிவிடும். மாட்டுத் தொழுவம், கழிவறைக் குழி பக்கத்தில் இருந்தாலும் ஏறும். அதற்கு நிறம், மணம், ருசி ஏதும் கிடையாது. பருப்பும் நன்றாக வேகும், சோப்பும் நுரைக்கும். அறிக்கையில் 45-க்கு மேல் இருந்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்மாவு கலக்க அந்தத் தண்ணீரை எடுக்காதீர்கள். குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை நைட்ரேட் குறைத்துவிடும். கொதிக்க வைத்தாலும் பயனில்லை. தண்ணீர் வற்ற வற்ற, மிஞ்சிய தண்ணீரில் நைட்ரேட் கூடத்தான் செய்யும்.